பச்சை காட்டும் பலகைகளும் முடியாத கோவைகளும்

பத்திரிகைக் கந்தோரில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் மிகப் பழையது, ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு செய்தி எழுதாதே என்பதாகும். அந்த ஒருவர் சம்பவத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவராகவும், தாம் சொல்வதால் ஆதாயம் அடைபவராகவும் இருந்தால், இன்னும் இரண்டு பேரைத் தேடிப் போக வேண்டும். பொலிஸார் சொன்னதைப் பொலிஸார் சொன்னதாக எழுதலாம். நடந்ததாக எழுத முடியாது. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதற்காக முப்பது வருடங்களாக எத்தனையோ பேருடைய கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

இந்த விதியை ஒட்டுமொத்தமாகக் கைவிட்ட ஒரு செய்தித்தாள் இன்று உலகமெங்கும் திங்கட்கிழமை காலைகளில் வெளியாகிக்கொண்டிருக்கிறது. அதற்கு நிருபரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வங்கி, காப்புறுதி நிறுவனம், வைத்தியசாலை, அரசாங்கத் திணைக்களம் என்று எங்கெல்லாம் வணிகச் செயன்முறை முகாமைத்துவ மென்பொருள் புகுந்திருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தியதும் அது பிறக்கிறது. அதன் பெயர் 'டாஷ்போர்ட்' அறிக்கை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சதுரங்கள். நடுவே மணிக்கூடு போன்ற வட்டங்கள். கீழே ஏறும் கோடுகள், இறங்கும் கோடுகள். கூட்ட மண்டபத்தின் திரையில் அது விழுந்ததும் பணிப்பாளர்கள் தலையை ஆட்டுகிறார்கள். 'இந்தக் கிழமை பச்சை' என்கிறார்கள். கூட்டம் முடிந்துவிடுகிறது.

இந்த அறிக்கை பெரும்பாலும் ஒற்றை மூலச் செய்தி. அந்த ஒற்றை மூலமும் யாருடைய வேலை அளக்கப்படுகிறதோ அவரேதான். நான் சொல்லவருவது இவ்வளவே. ஆனால் இதைச் சொன்னால் கணினி தெரியாத கிழட்டுப் பத்திரிகைக்காரனின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள் என்பதனால், அறிக்கை எப்படித் தயாராகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு வேலையின் பாதையைப் படமாக வரைகிறார்கள். தொடக்கத்துக்கு ஒரு வட்டம், செய்யவேண்டிய பணிகளுக்கு முனை மழுங்கிய செவ்வகங்கள், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கும் இடத்துக்குச் சாய்சதுரம், முடிவுக்குத் தடித்த கோட்டில் இன்னொரு வட்டம். 2004இல் முதலில் வெளியான இந்தக் குறியீட்டு முறை 2011இல் இரண்டாம் பதிப்பைக் கண்டது. கமுண்டா, பிசாகி முதலிய பல மென்பொருள்கள் இதையே பின்பற்றுகின்றன. படத்தை வரைந்து இயக்கிவிட்டால் போதும். ஒரு விண்ணப்பம் உள்ளே பதியப்பட்டதும் அதற்கு ஓர் இலக்கம் கிடைக்கிறது. அது எந்தச் செவ்வகத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது, யாருடைய பொறுப்பில் இருந்தது, எத்தனை மணிக்கு 'முடிந்தது' என்று அழுத்தப்பட்டது என்பனவெல்லாம் வரிவரியாகப் பதிவேட்டில் ஏறுகின்றன. கோவையின் இலக்கம், பணியின் பெயர், நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் அறிக்கைக்கு வேண்டிய எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். சராசரியாக எத்தனை நாள் எடுத்தது, எத்தனை வீதம் தவணைக்குள் முடிந்தது, எந்த மேசையில் தேங்குகிறது என்று நிமிடக்கணக்கில் சொல்லிவிடும். தவணைக்குள் முடிந்தவை இத்தனை வீதத்துக்கு மேல் என்றால் பச்சை, அதற்குக் கீழே என்றால் மஞ்சள், இன்னும் கீழே என்றால் சிவப்பு. அந்த எல்லைகளை நிர்ணயிப்பவரும் பெரும்பாலும் அளக்கப்படும் பகுதியின் தலைவரே என்பதையும் இவ்விடத்தில் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. கொடுத்ததைக் கூட்டுகிறது, பெருக்குகிறது, வகுக்கிறது. ஆனால் கொடுப்பது யார்?

மணிக்கூட்டை ஓடவிடுபவரை முதலில் பாருங்கள். ஒரு பெண் தன் கணவரின் ஓய்வூதியத்துக்காக விண்ணப்பத்தோடு கருமபீடத்துக்கு வருகிறாள். ஓர் ஆவணம் குறைகிறது, நாளை வா என்கிறார்கள். நாளை வந்தால் உரிய அதிகாரி லீவு. பிறகு வந்தால் புகைப்படப் பிரதியில் முத்திரை தெளிவில்லை. நான்காம் முறை வரும்போதுதான் விண்ணப்பம் கணினியில் பதியப்படுகிறது. மென்பொருளுக்கு அவள் அன்றுதான் பிறந்தாள். அதற்கு முந்திய மூன்று பயணங்களும், பஸ் காசும், வெயிலும், அவமானமும் எந்தச் செவ்வகத்திலும் இல்லை. அறிக்கையில் அவளுடைய கோவை மூன்று நாட்களில் முடிந்தது என்று பச்சையாக வரும்.

அடுத்தது மணிக்கூட்டை நிறுத்துபவர். இத்தகைய மென்பொருள்களில் ஒரு கோவையை இடைநிறுத்தி வைக்கும் வசதி வழமையாகவே உண்டு. 'விண்ணப்பதாரரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று ஒரு நிலைக்கு மாற்றிவிட்டால், தவணைக் கணக்கு அத்தோடு நிற்கும்படி அமைத்துவிடலாம். நியாயமான ஏற்பாடுதான். பதில் வராததற்கு இலிகிதர் என்ன செய்வார்? ஆனால் தவணை முடிய ஒரு நாள் இருக்கையில், இதுவரை யாரும் கேட்டிராத ஒரு கடதாசியைக் கேட்டுத் திடீரென்று கடிதம் வருகிறதே, அதன் இரகசியமும் இதுதான். குடிவரவுத் திணைக்களங்களோடும் காப்புறுதி நிறுவனங்களோடும் மல்லுக்கட்டிய வாசகர்கள், எந்த நாட்டில் இருந்தாலும், அந்தக் கடிதத்தின் வாசகங்களை மனப்பாடமாகவே சொல்வார்கள். கடிதம் போனதும் கோவை உறங்குகிறது. சதுரம் பச்சையாகவே இருக்கிறது.

இவை இரண்டும் மனிதர் செய்யும் தந்திரங்கள். மூன்றாவது தந்திரத்தைக் கணக்கே செய்கிறது. அதைத்தான் நான் மிகப் பெரிய அநியாயமாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கே யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

'ஒரு கோவைக்குச் சராசரியாக எடுத்த காலம்' என்ற எண் இந்த அறிக்கைகளில் நடுநாயகமாக வீற்றிருக்கும். எடுத்த காலம் என்பது கோவை முடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே முடிந்த கோவைகள் மட்டுமே அந்தச் சராசரிக்குள் வருகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன், கணக்கு எளிதானது. ஒரு கந்தோரில் 100 கோவைகள் இருக்கின்றன. அவற்றில் 80 இலகுவானவை, ஐந்து நாட்களில் முடிந்துவிட்டன. மிகுதி 20 சிக்கலானவை: காணாமற்போன பிறப்புச் சான்றிதழ், பெயரில் எழுத்துப் பிழை, இரண்டு திணைக்களங்களுக்கு இடையே இழுபறி. அவை அலுமாரியில் கிடக்கின்றன. அறிக்கை என்ன சொல்லும்? சராசரி ஐந்து நாட்கள், பிரமாதம்! அந்த 20 கோவைகளும் 100 நாள் கிடந்தாலும் 200 நாள் கிடந்தாலும் அந்த ஐந்து அசையாது.

இப்போது அந்தக் கந்தோருக்கு மனச்சாட்சியுள்ள ஓர் இலிகிதர் மாற்றலாகி வருகிறார் என்று வையுங்கள். வந்த மாதத்தில் வழமையான 80 கோவைகளையும் ஐந்து நாட்களில் முடிப்பதோடு, அலுமாரியைத் திறந்து, தூசு தட்டி, நாலு இடத்துக்கு தொலைபேசி எடுத்து, 200 நாட்களாகக் கிடந்த அந்த இருபதையும் முடித்துக்கொடுக்கிறார். அந்த மாத அறிக்கையில் சராசரி 44 நாட்கள் என்று வரும். சந்தேகமிருந்தால் கூட்டிப் பாருங்கள்: 80 கோவைகளுக்கு 400 நாட்கள், 20 கோவைகளுக்கு 4000 நாட்கள், மொத்தம் 4400, அதை நூறால் வகுக்க 44. ஐந்தாக இருந்தது 44ஆக ஏறிவிட்டது! சிவப்புச் சதுரம்! அடுத்த கூட்டத்தில் அந்த இலிகிதரை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்பார்கள். அதற்கடுத்த மாதம் அவர் அலுமாரியைத் திறப்பாரா?

இதை நான் மென்பொருள் விற்பவர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன். நிலுவைக் கோவைகளின் வயதைக் காட்டும் வசதியும் எங்களிடம் இருக்கிறதே என்றார்கள். உண்மை, இருக்கிறது. ஆனால் வாங்கியவர்கள் அதைத் திரையின் முதற்பக்கத்தில் வைப்பது அபூர்வம். சதுரத்தின் மேல் அழுத்தினால் உள்ளே போய் ஒவ்வொரு கோவையாகப் பார்க்கலாமே என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மை. ஆனால் பச்சைச் சதுரத்தின் மேல் யார் அழுத்தப்போகிறார்கள்? பிழை இருக்கும் என்று சந்தேகம் வந்தால்தானே கதவைத் திறப்போம். சந்தேகம் வராமல் செய்வதற்காகவே அந்த நிறத்தைப் பூசியிருக்கிறார்கள்.

(ஒரு சிறு இடைக்குறிப்பு. 'டாஷ்போர்ட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? குதிரை வண்டிக் காலத்திலிருந்து. குதிரையின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் தெறிக்காமலிருக்க முன்னால் வைத்த மறைப்புப் பலகைக்குத்தான் அந்தப் பெயர். மோட்டார் வண்டி வந்த பிறகு அந்தப் பலகையில் கருவிகளைப் பொருத்தினார்கள். முகாமையாளர்கள் தம்மையறியாமலே மிகப் பொருத்தமான பெயரைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.)

இவையெல்லாம் கற்பனை உதாரணங்கள் என்று நினைப்பவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்கு வரவேண்டும். அங்குள்ள முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலையில் 2014இல் வெளிவந்த கதையைப் போலத் தெளிவான ஒன்றை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. அங்கு இருந்தது நான் மேலே சொன்ன வகை மென்பொருள் அல்ல, நோயாளருக்குத் திகதி ஒதுக்கும் பழைய முறைமை. ஆனால் அறிக்கையின் இரத்தம் ஒன்றுதான்: ஒரு தொடக்கத் திகதி, ஒரு முடிவுத் திகதி, இடைப்பட்ட நாட்கள், மேலே ஓர் இலக்கு.

படைவீரர் விவகாரத் திணைக்களம், வைத்தியரைச் சந்திக்க விரும்பும் எவரும் 14 நாட்களுக்குள் சந்தித்துவிட வேண்டும் என்று 2011இல் இலக்கு வைத்தது. இலக்கை எட்டுவது அதிகாரிகளின் மதிப்பீட்டோடும் ஊக்கத்தொகையோடும் பிணைக்கப்பட்டிருந்தது. கணினித் திரையில் 'நோயாளி விரும்பும் திகதி' என்று ஒரு கட்டம் இருந்தது. காத்திருப்புக் காலம் அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும். இலிகிதர்கள் என்ன செய்தார்கள்? முதலில் எந்த நாள் காலியாக இருக்கிறது என்று பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து என்று வந்தால், அந்த நாளையே நோயாளி விரும்பிய நாளாகக் கட்டத்தில் இட்டார்கள். விரும்பிய நாளிலேயே வைத்தியரைக் கண்டார், காத்திருந்த நாட்கள் பூச்சியம்! இன்னும் பலருடைய பெயர்கள் மின்னணுக் காத்திருப்புப் பட்டியலில் ஏறவே இல்லை.

சாமுவேல் ஃபூட் என்ற வைத்தியர் ஓய்வுபெற்ற பின்னர் இதை வெளியே சொன்னார். திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் அலுவலகம் விசாரித்தது. 2014 மே மாத இறுதியில் வந்த அதன் இடைக்கால அறிக்கையில் இருந்த எண்களை அப்படியே தருகிறேன். வைத்தியசாலை தன் அறிக்கையில் காட்டியிருந்த சராசரிக் காத்திருப்பு 24 நாட்கள். பரிசோதகர்கள் 226 பேருடைய கோவைகளை மாதிரியாக எடுத்துத் தாமே எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 115 நாட்கள். வைத்தியரைக் காணக் காத்திருந்தும் உரிய பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் 1,700 பேர். இந்த அறிக்கை வந்த இரண்டாம் நாள் திணைக்களத்தின் செயலாளர் எரிக் ஷின்செக்கி பதவி விலகினார். ஓகஸ்டில் வந்த இறுதி அறிக்கை, தாமதம்தான் மரணங்களுக்குக் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது என்று சொன்னது. அதையும் மறைக்காமல் இங்கே பதிவு செய்கிறேன், நமது தொழிலின் ஒழுங்கு அது. ஆனால் காத்திருக்கும்போதே செத்துப்போனவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்தத் தந்திரங்களை ஒவ்வொன்றாக விவரித்து, இப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கும் உட்சுற்று ஒன்றைத் திணைக்களத்தின் தலைமையகமே 2010 ஏப்ரலில் அனுப்பியிருந்தது. அந்தக் காத்திருப்பு எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அமெரிக்க காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2012 டிசம்பரில் எழுதியிருந்தது. அதாவது மேலே இருப்பவர்களுக்கு நோயும் தெரியும், மருந்தும் தெரியும். இருந்தும் அதே எண்களைத் திரையில் போட்டு அதே ஊக்கத்தொகையை வழங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த இலிகிதரின் பொய்யைவிட மேலே இருந்தவரின் திருப்தி எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

பிரித்தானியாவிலும் இதன் சாயலைக் காணலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் நான்கு மணித்தியாலத்துக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் அல்லது அனுப்பப்பட வேண்டும் என்ற இலக்கு 2000ஆம் ஆண்டின் திட்டத்தில் வகுக்கப்பட்டது. நோயாளர்கள் எத்தனையாவது நிமிடத்தில் வெளியேறினார்கள் என்று ஆய்வாளர்கள் வரைந்து பார்த்தபோது, நான்காவது மணித்தியாலம் முடியும் தறுவாயில் கோடு ஊசிபோல எழுந்து நின்றது. நோய்களுக்கு நான்கு மணி என்ற கணக்கு எப்படித் தெரியும்? நியாயமாகச் சொல்வதானால் அந்த இலக்கால் பலருடைய காத்திருப்பு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் வைத்தியசாலையில் நோயாளர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது பற்றி 2013இல் வந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கையை வாசித்தவர்களுக்கு, இலக்குகளிலும் வரவுசெலவிலும் கண் வைத்த நிருவாகம் கட்டிலில் கிடந்த மனிதரைக் காணாமற்போன விதம் ஞாபகமிருக்கும். அந்த வைத்தியசாலைக்கு 2008இல் உயர் தகுதி வழங்கப்பட்டதும் நினைவிருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னர், கனடாவில் காப்புறுதித் துறையில் இத்தகைய அறிக்கைகளைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவரோடு மின்னஞ்சலில் விவாதித்தேன். அவர் கோபமாகவே எழுதினார். 'அண்ணை, எண் இல்லாமல் எப்படி நிருவகிப்பது? அளக்க முடியாததை நிருவகிக்க முடியாது என்று டெமிங்கே சொல்லியிருக்கிறார். பழையபடி ஆளைப் பார்த்து, சாதியைப் பார்த்து, மச்சானா மாமாவா என்று பார்த்து கோவை நகர்த்தும் காலத்துக்கா போகச் சொல்கிறீர்கள்?'

இரண்டாவது பகுதி கனமான கேள்வி. எமது கந்தோர்களில் அப்படித்தான் கோவைகள் நகர்ந்தன, பல இடங்களில் இன்னும் நகர்கின்றன. யாருடைய மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று பதிவாவதே ஒரு பெரிய பாதுகாப்பு. அதை நான் எதிர்க்கவில்லை. முதற்பகுதியைத்தான் திருத்த வேண்டியிருக்கிறது. எட்வர்ட்ஸ் டெமிங் அப்படிச் சொல்லவில்லை. அந்த எண்ணத்தை அவர் கண்டித்தே எழுதினார், முகாமைக்கு மிக முக்கியமான பலவற்றை எண்ணால் பிடிக்க முடியாது என்பது அவருடைய கட்சி. அவருடைய வாசகத்தின் முற்பாதியைத் தலைகீழாக்கி, அவருடைய பெயரையே அதன் கீழே போட்டு உலகம் முழுவதும் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மூலத்தைத் தேடிப் பார்க்காமல் எடுத்தாள்வது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல போலும்.

ஆனால் எங்கள் தொழிலும் தப்பவில்லை. நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், இணையப் பதிப்பு வந்த சில வருடங்களில், ஆசிரியபீடத்தின் சுவரில் பெரிய திரையொன்றை மாட்டினார்கள். எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று அது ஓயாமல் காட்டியது. ஒரு மாதத்துக்குள் கந்தோரின் பேச்சே மாறிவிட்டது. கிழமைக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து காணிப் பிரச்சினை பற்றி எழுதிய பெண் நிருபரின் கட்டுரை அடியில் கிடந்தது. நடிகையின் கல்யாணம் மேலே நின்றது. அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாராவது பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேள்வி கேட்டார்களா, ஒரு காணியாவது திரும்பிக் கிடைத்ததா என்பதற்குத் திரையில் கட்டம் இல்லை. அவர் பிறகு ஊரூராக அலைவதை விட்டுவிட்டார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. திரை மட்டும் அங்கேயே இருந்தது.

கணினித் திரைகளை வைத்து நாட்டையே நடத்தலாம் என்ற கனவு இன்று தோன்றியதல்ல. சிலி நாட்டில் சல்வடோர் அலெண்டேயின் ஆட்சியில், ஸ்டாஃபோர்ட் பீர் என்ற பிரித்தானிய அறிஞரின் வழிகாட்டலில், அரசுடைமையான தொழிற்சாலைகளின் உற்பத்தி எண்களைத் தலைநகரில் திரட்டும் 'சைபர்சின்' என்ற திட்டம் 1971இல் தொடங்கியது. அறுகோண அறை, ஏழு சுழல் நாற்காலிகள், சுவரெங்கும் திரைகள். படத்தைப் பார்த்தால் இன்றைய பணிப்பாளர் எவருக்கும் வாயூறும். (திரைகளில் தெரிந்த வரைபடங்களைக் கையால் வரைந்தே படவில்லைகளாக ஏற்றினார்கள் என்பது வேடிக்கை.) அந்த அறை பெரும்பாலும் பயன்படாமலே போயிற்று. 1973 செப்டெம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததோடு திட்டமும் முடிந்தது. ஆனால் அதன் ஓர் உறுப்பு மட்டும் உண்மையில் உழைத்தது. 1972 ஒக்ரோபரில் லொறி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்க முனைந்தபோது, தொழிற்சாலைகளையும் தலைநகரையும் இணைத்த ரெலெக்ஸ் வலையமைப்புத்தான் கைகொடுத்தது. எங்கே பொருள் தட்டுப்பாடு, எந்த வீதி திறந்திருக்கிறது, எங்கே லொறி கிடைக்கும் என்று களத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தலைநகரில் இருந்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். திரட்டிய எண் உதவவில்லை, திருப்பிக் கேட்கக்கூடிய வாய் உதவியது. ரெலெக்ஸ் இயந்திரத்தின் முன்னால் இரவுகளைக் கழித்த தலைமுறை என்பதால் இந்தச் செய்தியில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷமும் உண்டு.

இனி, இந்த மென்பொருளை வாங்கத் துடிக்கும் திணைக்களத் தலைவர்களிடமும் நிறுவன முகாமையாளர்களிடமும் கேட்க விரும்புவதைக் கேட்டுவிடுகிறேன். முடிந்த கோவைகளின் சராசரியை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, முடியாத கோவைகளின் வயதை முதற்பக்கத்தில் போடுவீர்களா? ஆகப் பழைய பத்துக் கோவைகளை, இலக்கத்தோடும் கிடந்த நாட்களோடும், ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டு வாசிப்பீர்களா? எத்தனை கோவைகள் உறங்கவைக்கப்பட்டிருக்கின்றன, தவணை முடிய எத்தனை நாள் இருக்கையில் உறங்கவைக்கப்பட்டன என்று ஒரு வரி சேர்ப்பீர்களா? மென்பொருளில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது, புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பீனிக்ஸில் 226 கோவைகளை எடுத்து எண்ணிப் பார்த்தது எந்த மென்பொருளும் அல்ல, மனிதர்கள். வருடத்துக்கு ஒருமுறை 200 கோவைகளை எடுத்து, அவற்றுக்குரிய ஆட்களையே கூப்பிட்டு, நீங்கள் முதன்முதலில் எப்போது இங்கே வந்தீர்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு செலவாகும்? மென்பொருளின் வருடாந்த அனுமதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

பதிவேட்டிலுள்ள வரிகளைத் தோண்டி வேலையின் உண்மையான பாதையைக் காட்டுவோம் என்று இப்போது இன்னொரு வகை மென்பொருளும் விற்பனையாகிறது. ஜேர்மனியின் மியூனிச்சில் 2011இல் தொடங்கிய செலோனிஸ் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. வரைந்த படத்துக்கும் நடந்த வேலைக்கும் உள்ள இடைவெளியை அது நன்றாகவே காட்டும், அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதுவும் தின்பது அதே பதிவேட்டைத்தான். கருமபீடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பெண் அந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவளைப் பதிவேட்டுக்குள் கொண்டுவர ஒரே வழி, மணிக்கூட்டை ஓடவிடும் உரிமையை அவளுடைய கையில் கொடுப்பதுதான். இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு, எமது நாட்டிலேயே எழுதப்பட்ட ஒரு சட்டத்தைக் காட்டுகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கையைப் பெறும் தகவல் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டமைக்கான எழுத்து மூல ஒப்புதலை உடனடியாகக் கோரியவரிடம் கொடுக்க வேண்டும். தகவலைக் கொடுப்பதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கோரிக்கை தொடக்கமாகும் நாள் அலுவலரின் கணினியில் மட்டுமல்ல, கோரியவரின் கையிலிருக்கும் கடதாசியிலும் இருக்கிறது. மேன்முறையீட்டுக்குப் போகும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது மூலம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எல்லாக் கந்தோர்களும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன என்று நான் சொல்லவரவில்லை, ஒப்புதலைக் கேட்டு வாங்க நானே சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் சண்டை பிடிப்பதற்குச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது.

அடுத்த முறை எந்தத் திணைக்களமாவது இத்தகைய மென்பொருளுக்கு விலைமனுக் கோரினால், நிபந்தனைகளில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும்: கருமபீடத்துக்கு வந்து ஏதாவது கேட்ட ஒவ்வொருவருக்கும், விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் திருப்பி அனுப்பப்பட்டாலும், அன்றைய திகதியும் நேரமும் காரணமும் அச்சிட்ட ஒரு துண்டு கொடுக்கப்பட வேண்டும், அந்தத் துண்டின் திகதியிலிருந்தே அறிக்கை எண்ண வேண்டும். அந்த வரியை முதலில் எதிர்ப்பவர் யார் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.